நான்காம் எண்ணுக்கு நான் செய்தது

எளிது என்று திரையில் போட்டிருக்கிறதே,
அதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா?
அறுநூறு மில்லி விநாடி.
அவ்வளவுதான்.

பந்து கிளம்பியது நான்காம் எண்ணுக்குத் தெரியும்.
எங்கே விழும், யார் காலில், எந்தக் கணத்தில்,
எல்லாம் அப்போதே கணக்குப் போட்டாயிற்று.
ஆனால் அசையக் கூடாது.
அறுநூறும் எண்ணி முடித்துவிட்டு
இப்போதுதான் பார்த்தவன் போலத் திரும்ப வேண்டும்.

கணினி ஆட்களை முட்டாளாக்குவது என் பிழைப்பு என்றுதான்
க்ரயோவாவில் வீட்டுக்காரி துமித்ராகேயிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.
வாடகை ஒழுங்காக வருவதால் அவள் மேலே கேட்பதில்லை.
கேட்டால் சொல்லியிருப்பேன்:
முட்டாள் இல்லை அம்மா,
தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பவன்.

கடினத்தில் இருநூறு.
அதற்கும் மேலே, தீக்கொழுந்து படம் போட்ட கடைசி நிலையில்
எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.
ஆமாம், கழித்தல்.
உங்கள் விரல் பொத்தானை அழுத்திய சேதி
உங்கள் ஆட்டக்காரன் காலுக்குப் போய்ச் சேருமுன்
நான்காம் எண்ணின் காதில் விழுந்துவிடும்.
ஏமாற்று என்று கத்துகிறார்கள் பையன்கள்.
ஏமாற்றுதான்.
அக்காள் மகன் ஹோரியா ஒருநாள் கைப்பிடியைச் சுவரில் எறிந்தான்.
சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி
ஒன்றும் அறியாதவளாக உட்கார்ந்திருந்தேன்.

விட்டுக்கொடுத்தது தெரிந்தால் வெற்றி கசக்கும்
என்பார் எங்கள் லௌரென்ட்சியு.
அதனால் கோல்கீப்பர் சரியான திசையில்தான் தாவுவார்,
கை மட்டும் ஒரு சாண் போதாது.
நீங்கள் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றிருந்தால்
எழுபதாம் நிமிடத்துக்குமேல் எதிரணிக்கு மூச்சு வாங்கும்.
மூச்சே இல்லாதவர்களுக்கு.

பிப்ரவரியில் ஒரு வியாழன், கம்பிகளில் பனி உறைந்து டிராம் நின்றுபோன இரவு.
அலுவலகத்தில் நானும் வெப்பக் குழாயின் டொக் டொக்கும்.
சும்மாதான், பொழுது போகாமல்,
இரண்டு பக்கமும் கணினி என்று வைத்தேன்.
இரண்டுக்கும் எளிது.

விசில் ஊதியது.
ஒருவன் பந்தோடு வந்தான்,
மற்றவன் தன் அறுநூறை எண்ணினான்.
பிறகு இவன் எண்ண, அவன் வந்தான்.
கோலுக்கு நேர் எதிரே, ஆளில்லாத வெளியில்,
ஒன்பதாம் எண் நிதானமாக
கம்பத்துக்கு வெளியே அடித்தான்.
அந்தப் பக்கத்து ஒன்பதும் அப்படியே.
கூட்டம் மட்டும் விவரம் புரியாமல் ஆர்ப்பரித்தது.
வராத யாரோ ஒருவரிடம் தோற்பதற்கு
இருபத்திரண்டு பேரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள்.

எண்பத்தெட்டாவது நிமிடம்.
நான்காம் எண்ணின் காலில் பந்து.
பக்கத்தில் யாருமில்லை.
நின்றான்.
அறுநூறு கடந்தது. இரண்டாயிரம். ஒன்பதாயிரம்.
கட்டளைக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன்,
அந்த ஒன்பது விநாடிகளுக்கு வரியே இல்லை, வெற்றிடம்.
அவன் முகம் என் பக்கம் இருந்தது.
கேமரா அங்கே இருந்ததால்தான்,
அது எனக்குத் தெரியாதா என்ன.

பூஜ்யம், பூஜ்யம்.

பிழை அறிக்கை எழுதினேன்:
யாரும் யாரையும் வெல்ல முன்வரவில்லை.
காலையில் லௌரென்ட்சியு, தேநீர் ஆறுமுன்னே:
இப்படி எவனும் விளையாடமாட்டான், மூடு.
மூடினேன்.

மூடுவதற்கு முன்னால், கேட்காதீர்கள், அறுநூறை
ஐந்நூற்று நாற்பது ஆக்கினேன்.
அவனுக்கு மட்டும். நான்காம் எண்ணுக்கு மட்டும்.
வெளியே போன பதிப்பில் அது இருக்கிறது.
ஒருவரும் கவனிக்கவில்லை.

போன ஞாயிறு ஹோரியா திரையை நிறுத்திவைத்துக் கேட்டான்:
சித்தி, எளிதில் இந்த நாலு ஏன்
நான் அடிக்குமுன்பே கொஞ்சம் சாய்கிறான்?

விதைத் தோலை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு
ஆட்டத்தைப் பார் என்றேன்,
உன் பின்னால் ஆள் வருகிறது.